டைல்ஸ் தரையில் தட்டடவு

வெள்ளவத்தையில் சனி, ஞாயிறு காலைகளில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளால் நடந்தால் ஏதாவதொரு தொடர்மாடியிலிருந்து தட்டுக்கழிச் சத்தம் கேட்கும். வரவேற்பறையில் சோபாக்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் அரைமண்டியில் நிற்பார்கள். ஆசிரியை சொற்கட்டைத் தொடங்கியதும் வெறும் பாதங்கள் தரையில் விழும். அந்தத் தரை டைல்ஸ். அதற்குக் கீழே சீமெந்துச் சாந்து, அதற்கும் கீழே கொங்கிறீற். அந்த அறையில் அடி வாங்குவதற்கென்று மரத்தில் செய்து வைத்திருப்பது தட்டுமனை ஒன்றுதான். கழி விழும் இடத்துக்கு மரம் வேண்டும் என்று தெரிந்த எங்களுக்கு, பிள்ளையின் கால் விழும் இடத்தைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

நான் மரத்தளம் போடுகிறவன். கொட்டாஞ்சேனையில் கதவு யன்னல் வேலை செய்த தகப்பனிடம் சீவுளி பிடிக்கப் பழகியவன். வீடு, அலுவலகம், ஹோட்டல் அறை, பூப்பந்துக் கூடம் எனப் பல இடங்களில் பலகை பதித்திருக்கிறேன். நடன வகுப்புக்கென்று என்னைக் கூப்பிட்டவர்கள் மிகக் குறைவு. கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகள் இத்தனை பேர் பரதம் பழகும்போது அவர்கள் ஆடுகிற தளத்தைப் பற்றிப் பெற்றோரோ, மண்டபக் குழுக்களோ, பாடசாலைகளோ பேசாமல் இருப்பது சரியில்லை. இதை எழுதுவது அதற்காகத்தான்.

ஒரு தட்டடவை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் மடித்த நிலையில் காலைத் தூக்கி, உள்ளங்கால் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி அடிக்க வேண்டும். சப்பாத்து இல்லை, மெத்தை இல்லை. ஒரு வகுப்பில் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். அதுவும் மூன்று காலத்தில். தரை கொஞ்சமாவது இறங்கிக் கொடுத்தால் அடியின் ஒரு பங்கைத் தரை வாங்கிக்கொள்ளும். கொடுக்காவிட்டால் முழுவதும் குதிக்கால், கணைக்கால், முழங்கால், இடுப்பு என்று மேலே ஏறும். கணைக்கால் எலும்பின் முன்பக்கத்தில் நோ, முழங்கால் நோ, முதுகு நோ என்று ஆடுகிற பிள்ளைகள் சொல்வது ஆசிரியைகளுக்கு நன்றாகத் தெரியும். எண்ணெய் தேய்த்துச் சமாளிக்கிறார்கள். "பழகினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். எலும்புக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது. ஓய்வு இல்லாமல் திரும்பத் திரும்ப அடி வாங்கும் எலும்பில் மெல்லிய வெடிப்பு விழுவதும் உண்டு.

விளையாட்டுத் துறை இதை எப்போதோ விளங்கிக்கொண்டுவிட்டது. 2006இல் வெளிவந்த ஈஎன் 14904 என்ற ஐரோப்பியத் தரநிலை, உள்ளக விளையாட்டரங்கின் தளம் தன்மேல் விழும் விசையில் குறைந்தது 25 சதவீதத்தை உள்வாங்க வேண்டும் என்கிறது. கொங்கிறீற்றின் மேல் விழும் விசையோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு அது. கொங்கிறீற்றோடு ஒட்டிய டைல்ஸை அந்தக் கணக்கில் நிறுத்தினால் கிட்டத்தட்டப் பூச்சியம்தான். சப்பாத்துப் போட்டுக் கூடைப்பந்து ஆடுகிறவனுக்கு இவ்வளவு கவனிப்பு இருக்கும்போது, வெறுங்காலில் தரையை அடிக்கிற எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன குறை?

"அந்தக் காலத்தில் கோயில் மண்டபத்துக் கருங்கல்லில் ஆடவில்லையா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஆடினார்கள். ஆனால் அவர்கள் தினமும் பழகிய தரை பெரும்பாலும் மண்ணும் சாணமும் மெழுகியது. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்து ஆடுவதற்கு வட்டக்களரி அமைக்கும்போது மண்ணைக் கொட்டி மேடாக்கித்தான் ஆடுகளம் செய்கிறார்கள். ஆட்டத்துக்கென்று தனியாகத் தளம் செய்வது எங்கள் ஆட்களுக்குப் புதிய விஷயம் இல்லை. தொடர்மாடிக்குக் குடிவந்தபோது நாங்கள் கைவிட்ட பழக்கம் அது.

சரி, மரம் என்றால் எந்த மரம், எப்படிப் போடுவது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் 'வுட் புளோர்' என்று விற்கும் லமினேட்டை டைல்ஸின் மேல் விரித்துவிட்டு மரத்தளம் போட்டாயிற்று என்று நினைக்கிறார்கள். மேலே மர நிறத்தில் அச்சடித்த தாள், உள்ளே அழுத்திய மரத்தூள். அதைக் கொங்கிறீற்றின் மேல் விரித்தால் காலுக்குக் கிடைப்பது கொங்கிறீற்தான். நல்ல முழு மரப் பலகையைக்கூடப் பசை போட்டுக் கொங்கிறீற்றோடு ஒட்டிவிட்டால் பார்க்க வடிவாக இருக்குமே தவிர, துள்ளாது. பலகைக்குக் கீழே அது வளைந்து நிமிர இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பது சட்டங்கள்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். கொங்கிறீற்றின் மேல் தடித்த பொலித்தீன் விரித்து, ஓரங்களைச் சுவரில் கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும். அதன்மேல் இறப்பர் திண்டுகள். திண்டுகளின் மேல் முதல் அடுக்குச் சட்டம், அதற்குக் குறுக்காக இரண்டாவது அடுக்கு, மீண்டும் குறுக்காக மூன்றாவது. ஓர் அடுக்கின் சட்டங்கள் சந்திக்கும் இடம் அதற்குக் கீழ் அடுக்கின் தாங்கலுக்கு நேர் மேலே வரக்கூடாது. இரண்டு தாங்கல்களுக்கு நடுவில் வர வேண்டும். அப்போதுதான் மேலே விழும் அடி நேராகக் கொங்கிறீற்றுக்குப் போகாமல், சட்டத்தை வளைத்து, அடுத்த சட்டத்தை வளைத்து, இறப்பரை அமுக்கி, பரந்து இறங்கும். இடைவெளியைக் கூட்டிவிட்டால் தளம் ஊஞ்சல் போல ஆடி, பிள்ளையின் தாளம் பிந்தும். குறைத்துவிட்டால் விறைத்து நிற்கும். இடத்துக்கு இடம் வித்தியாசப்பட்டால் அது இரண்டையும் விட மோசம், ஏனென்றால் கால் எந்தத் தரையை எதிர்பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறும். நான் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை குதிக்காலால் தட்டிக்கொண்டே போவேன். ஒரே சத்தம் வந்தால்தான் பலகை ஏறும்.

பலகை மூன்று அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு. ஒரு ஓரத்தில் நாக்கு, மற்ற ஓரத்தில் காடி. நாக்கைக் காடிக்குள் தட்டி இறுக்கி, நாக்கின் மேல் மூலையில் ஆணியைச் சரிவாக அடித்துச் சட்டத்தில் இறக்க வேண்டும். அடுத்த பலகை அந்த ஆணியை மூடிவிடும். மேலே ஒரு ஆணித்தலையும் தெரியாது. வெறுங்காலில் ஆடுகிறவர்களுக்கு இது அழகை விடப் பெரிய விஷயம். வெள்ளவத்தையில் சாதாரண இரும்பு ஆணி பாவிக்கவே கூடாது. மரைன் டிரைவ் பக்கம் யன்னலைத் திறந்தால் வருவது உப்புக் காற்று. கறள் பிடித்த ஆணி மரத்தைக் கறுப்பாக்கும். பிறகு பிடிமானம் விட்டுப் பலகை கிறீச்சிடத் தொடங்கும். எவர்சில்வர் ஆணி விலைதான், ஆனால் பழைய சோனகத் தெருவில் தேடினால் கிடைக்கும்.

இனி ஈரம். கொழும்பில் மரத்தளம் கெட்டுப்போவதற்குக் கறையானை விடப் பெரிய காரணம் அவசரம். மரம் காற்றில் உள்ள ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது, அகலவாட்டில்தான் அசையும். மூன்று அங்குலத் தேக்குப் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதம் கூடினால் அது அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல் அகலும். ஒரு பலகையில் அது கண்ணுக்குத் தெரியாது. 4 மீற்றர் அகல அறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பலகைகள் வரிசையாகக் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்தால் ஓர் அங்குலத்துக்கு மேல். அந்த ஓர் அங்குலம் போக இடமில்லாவிட்டால் தளம் நடுவில் கூரை போல எழும். அதனால்தான் சுவரைச் சுற்றி அரை அங்குல இடைவெளி விடுகிறோம். அதை மூடும் சுவரடிப் பலகையைச் சுவரில் மட்டும் அடிக்க வேண்டும், தளத்தோடு சேர்த்து அடித்தால் இடைவெளி விட்டதன் பலன் போய்விடும். முன்கூட்டியே பலகையை அந்த அறையிலேயே அடுக்கி, இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டம் விட்டு, ஈரமானி காட்டும் அளவு நிலையாக நிற்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஏசி போடும் அறையென்றால் ஏசி ஓடும் நிலையில் பார்க்க வேண்டும்.

கொங்கிறீற்றும் காய வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் சொல்கிற கணக்கு; நாலங்குலத் தட்டுக்கு நாலு மாதம். சந்தேகமென்றால் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைத் தரையில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் தரை இன்னும் ஈரம். இந்தச் சோதனையை வீட்டுக்காரரின் கண்முன்னால் செய்து காட்டியும், வீடு குடிபூரலுக்கு நாள் குறித்தாயிற்று என்பதற்காக வேறொரு ஆளைப் பிடித்துப் பலகையைப் பதித்த வீட்டை எனக்குத் தெரியும். அடுத்த ஒக்டோபர் மழையோடு ஒவ்வொரு பலகையின் ஓரமும் எழும்பி, நடு குழிந்துவிட்டது. வீட்டில் அது பார்வைக் குறை. ஆடுகிற அறையில் ஓடிவரும் பிள்ளையின் பெருவிரல் அந்த ஓரத்தில் இடறும்.

மரம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு, அது கொட்டாஞ்சேனை.

1990இல் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதற்குத் தடை வந்தது. இன்று நல்ல முதிரை, பாலை, சமண்டலை கிடைப்பது அரிது. பலா மரம் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அரச மரக் கூட்டுத்தாபனத்தின் தேக்கு இருக்கிறது, இறக்குமதியாகும் கெம்பஸ் இருக்கிறது, விலையும் இருக்கிறது. ஆனால் கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருப் பக்கமும் பழைய மாடி வீடுகளின் மேல்தளம் மரச்சட்டத்தில் பலகை பதித்தது. அப்பாவோடு போன காலத்தில் அந்தத் தளங்களில் நடந்திருக்கிறேன். வாரம் ஒருமுறை மெழுகு பூசி, பாதித் தேங்காய் மட்டையைக் காலால் மிதித்துத் தேய்த்து மினுக்கிய பலகைகள். 1983 ஜூலையில் எங்கள் ஆட்களின் வீடுகள் எரிந்தபோது அவற்றில் இருந்த மரமும் சேர்ந்து எரிந்தது. தப்பிய வீடுகள் இப்போது தொடர்மாடிக்காக ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. இடிக்கிற கொந்தராத்துக்காரர் கதவு நிலையையும் உத்தரத்தையும் நல்ல விலைக்கு விற்கிறார். தளப் பலகையை அலவாங்கால் நெம்பி உடைத்துக் கொங்கிறீற் கொட்டும் வேலைக்கும் விறகுக்கும் அனுப்புகிறார். மூன்று தலைமுறை நடந்த மரம் ஒரு மத்தியானத்தில் சிராயாகப் போகிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அந்தப் பலகைகளைப் பக்குவமாகக் கழற்றினால் வெள்ளவத்தையில் ஆட்டத்தளமாகப் பதிக்கலாம். செய்திருக்கிறேன். வேலை கூடத்தான். ஒவ்வொரு பலகையிலும் காந்தத்தை ஓட்டி, உடைந்து உள்ளே நிற்கும் ஆணிகளைத் தேடி எடுக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் சீவும் இயந்திரத்தின் கத்தி போய்விடும். பழைய பெயின்ட் பூசிய பலகையென்றால் உலரத் தேய்க்கவே கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், அதன் தூள் பிள்ளைகளுக்கு நஞ்சு. பெயின்ட்டில் ஈயத்துக்கு இலங்கையில் வரம்பு வந்ததே 2013இல்தான். பெயின்ட் படாத பலகையாகத் தெரிந்தெடுப்பது நல்லது. கறையான் அரித்த முனைகளை வெட்டிவிட வேண்டும். இதெல்லாம் முடித்துச் சீவுளி ஒரு தடவை ஓடியதும், நூறு வருட அழுக்குக்கு அடியிலிருந்து முதிரை மஞ்சள் மினுக்கத்தோடு வெளியே வரும். பழைய மரம் அசையாது என்று சிலர் சொல்வார்கள். அது பிழை. பழைய மரமும் ஈரத்துக்கு விரியும், சுவரோர இடைவெளி அதற்கும் வேண்டும்.

கடைசி வேலை தேய்ப்பும் பூச்சும். 40ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரில் தொடங்கி 60, 80, 100 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒரு படியைத் தாண்டினால் முந்திய தாளின் கீறல் பூச்சுக்குக் கீழே தெரியும். பூச்சில் மண்டபக்காரர்கள் கண்ணாடி மினுக்கம் கேட்பார்கள். கல்யாண வீடியோவுக்கு அது வடிவு, ஆட்டத்துக்கு ஆபத்து. மினுக்கமான வார்னிஷில் வியர்த்த பாதம் ஓரிடத்தில் வழுக்கும், இன்னோரிடத்தில் ஒட்டும்; ஒட்டிய காலில் உடம்பு திரும்பினால் முழங்கால் திருகும். மினுக்கமில்லாத பொலியூரித்தேன், மெல்லிய பூச்சாக மூன்று தடவை. இடையில் மென்மையாக ஒரு தேய்ப்பு. அதன்மேல் மெழுகும் பொலிஷும் எந்தக் காலத்திலும் வேண்டாம். ஈரத்தைப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

ஒரு நடன ஆசிரியை என்னிடம் கேட்டார்: "அண்ணை, பலகை போட்டா கீழ்வீட்டுக்குச் சத்தம் கூடுமோ? இப்பவே அவை வந்து சண்டை பிடிக்கினம்." குறையும் என்று சொன்னேன். கொங்கிறீற் வழியாக நேரே இறங்கும் அடியை இறப்பர் திண்டு தடுக்கிறது. அறைக்குள்ளே பாதச் சத்தம் ஆழமாகக் கேட்கும், அது தாளத்துக்கு நல்லது. அவர் இருப்பது வாடகை வீடு. அதற்கும் வழியுண்டு: நாலடிச் சதுரத் துண்டுகளாகச் செய்து, ஒன்றோடொன்று பூட்டி விரித்து, வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். பதித்த தளத்தின் துள்ளல் அதில் முழுவதாக வராது, டைல்ஸை விட எவ்வளவோ மேல்.

செலவு என்பார்கள். ஓர் அரங்கேற்றத்துக்கு மண்டபம், ஆடை, நகை, ஒப்பனை, சென்னையிலிருந்து பக்கவாத்தியம், அழைப்பிதழ், சாப்பாடு என்று குடும்பங்கள் செலவழிப்பதை நான் பார்க்கிறேன். குறை சொல்லவில்லை, பிள்ளையின் பெருமை அது. ஆனால் அந்த மேடைக்கு வர அவள் பத்து வருடம் அடித்த தரைக்கு யாரும் ஒரு சதமும் ஒதுக்கவில்லை. ஒரு வகுப்பின் பெற்றோர் சேர்ந்தால், ஒரே ஓர் அரங்கேற்றத்தின் செலவில் பங்கு போட்டு அந்த வகுப்புக்கே தளம் போடலாம். அது அடுத்தடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் கிடக்கும். முக்கால் அங்குலப் பலகையில் நாக்குக்கு மேலே கால் அங்குலம் மரம் இருக்கிறது. தேய்ந்தால் மேல்தோலைத் தேய்த்தெடுத்துப் புதுப் பூச்சுப் போடலாம், பல தடவை.

க.பொ.த. சாதாரண தரத்தில் பரதம் ஒரு பாடம். வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கும் கொழும்புப் பிள்ளைகள் தோற்றுகிறார்கள். பாடத்திட்டத்தில் அடவின் எண்ணிக்கையும் தாளமும் இருக்கின்றன. விஞ்ஞானப் பாடத்துக்கு ஆய்வுகூடம் வேண்டும் என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. நடன அறைக்கு மரத்தளம் என்பதும் அப்படி எழுதி வைக்கப்பட வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்து மண்டபக் குழுக்கள் அடுத்த திருத்த வேலைக்கு மதிப்பீடு எடுக்கும்போது விளக்கு, ஏசி, கதிரைக்கு முன் மேடைத் தளத்தை எழுதட்டும். எழுதுவதற்கு முன் அந்த மேடையில் ஆடுகிற ஆசிரியைகளைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். பழைய வீட்டை இடிக்கக் கொடுக்கிற சொந்தக்காரர்கள், தளப் பலகையைக் கழற்றித் தர வேண்டும் என்று கொந்தராத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்.

கொழும்பில் இந்த வேலைக்கு நல்ல காலம் ஜனவரி, பெப்ரவரி. வருடத்தில் காற்று கொஞ்சமாவது உலர்ந்திருப்பது அப்போதுதான். அந்த நேரத்தில் பதிக்க வேண்டுமென்றால் பலகையை மழைக்கு முன்பே, செப்டெம்பரில் தேடிப் பிடித்து, கூரைக்குக் கீழே குச்சி வைத்து அடுக்கிவிட வேண்டும். வரும் ஜனவரியில் போடுவதாக நினைக்கிற குழுக்கள் கூட்டத்தை அதற்கு முன் வைத்தால் நல்லது.